மெற்றாதெசிஸ் ஊக்கி: வேகமாகவும் ஓட வேண்டும், சீக்கிரம் சாகவும் கூடாது

இலங்கைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை கம்பஸில் இரசாயனவியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டது இது: ஒலிபீன் மெற்றாதெசிஸுக்கு (இரட்டைப் பிணைப்புள்ள மூலக்கூறுகள், அதாவது அற்கீன்கள், தங்கள் பாதிகளை மாற்றிக்கொள்ளும் தாக்கத்துக்கு) ஊக்கி செய்கிறவர்கள் எல்லாரும் செயல்திறன் கூடினால் நிலைப்பு குறையும் என்கிறார்களே, இரண்டும் ஒரே உலோகச் சேர்வையில் சேர்ந்து வரவே வராதா? கஜு (முந்திரி) ஓட்டு எண்ணெயில் ஆய்வு செய்ய நினைக்கிறேன், எந்த ஊக்கியில் தொடங்கலாம்?

வரும், தம்பி. வந்தும் இருக்கிறது. ஆனால் அதற்கு முதல் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். போத்தலுக்குள் ஒரு ஊக்கி எத்தனை மாதம் கெடாமல் கிடக்கிறது என்பது ஒன்று, குடுவைக்குள் விழுந்து வேலையைத் தொடங்கிய பிறகு எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்பது முற்றிலும் வேறொன்று. கட்டுரைகளின் தலைப்பில் "நிலையான ஊக்கி" என்று வந்தால் பாதி நேரம் முதலாவதைத்தான் சொல்கிறார்கள், நமக்குத் தேவையானது பெரும்பாலும் இரண்டாவது. போத்தலில் இருப்பது உண்மையில் ஊக்கியே இல்லை, அதன் முன்னோடி. அது ஒரு லிகண்டை, அதாவது உலோகத்தில் ஒட்டியிருக்கும் ஒரு கூட்டத்தை, கழற்றிவிட்டு, ஒரு அற்கீனைப் பிடித்து, முதல் சுற்றை முடித்த பிறகுதான் உண்மையான ஊக்கி பிறக்கிறது. அந்தப் பிறந்த பொருளை யாரும் போத்தலில் அடைத்து விற்பதில்லை.

தாக்கம் என்ன என்று தெரிந்திருக்கும், இருந்தாலும் ஒரு வரி. இரண்டு அற்கீன்களின் இரட்டைப் பிணைப்பு வெட்டுப்பட்டு, பாதிகள் சோடி மாறுகின்றன. 2005-இல் ஷோவான், கிரப்ஸ், ஷ்ரொக் மூவருக்கும் நோபல் பரிசு கொடுத்தபோது இதை நடனச் சோடிகளை வைத்து விளக்கினார்கள். நம்முடைய வசந்தன் ஆட்டத்தில் கோல் அடித்தபடி ஆள் மாறிப் போவதை நினைத்தால் இன்னும் நன்றாகப் பிடிபடும். ஆனால் இரண்டு அற்கீன்களும் நேராகச் சந்தித்து மாறுவதில்லை. நடுவில் உலோகம் ஒரு பாதியைக் காபீனாக, அதாவது தன்னோடு இரட்டைப் பிணைப்பில் உள்ள காபனாக, பிடித்து வைத்திருக்கிறது, புதிய அற்கீன் வந்ததும் உலோகமும் மூன்று காபனும் சேர்ந்து நான்கு உறுப்பு வளையம் ஆகிறது, அந்த வளையம் மற்றப் பக்கமாகப் பிளந்தால் சோடி மாறிவிட்டது. ஷோவானும் எரிசோனும் 1971-இல் சொன்ன பொறிமுறை இதுதான். அந்த நான்கு உறுப்பு வளையத்தை மறந்துவிட வேண்டாம், ஊக்கி சாகும் இடங்களில் அதுவும் ஒன்று.

பொறிமுறை தெரிவதற்கு முன்பே தொழிற்சாலை ஓடத் தொடங்கிவிட்டது என்பது இந்தத் துறையின் வேடிக்கை. பிலிப்ஸ் பெற்றோலியத்தில் பாங்க்ஸும் பெய்லியும் 1964-இல் அலுமினா மேல் ஏற்றிய மொலிப்டினத்தை வைத்து புரொப்பீனை எதீனாகவும் பியூற்றீனாகவும் மாற்றிக் காட்டினார்கள், 1966-இல் கனடாவின் ஷாவினிகனில் ஆலை ஓடத் தொடங்கி 1972 வரை ஓடியது. இப்போது சந்தை தலைகீழாகிவிட்டது, எதீனையும் பியூற்றீனையும் சேர்த்துப் புரொப்பீன் செய்கிறார்கள். அதற்குச் சிலிக்கா மேல் ஏற்றிய டங்ஸ்டன் ஒட்சைட்டு போதும். ஆலையின் உயர் வெப்பநிலையில் கரி படிந்து ஊக்கி மந்தமாகும், காற்றை விட்டுக் கரியை எரித்தால் திரும்பவும் எழும்பும். அவர்களுக்கு ஊக்கி சாவது பெரிய பிரச்சினை இல்லை, எழுப்ப முடியாமல் சாவதுதான் பிரச்சினை. நம்மைப் போல் கரைசலில், அதுவும் ஒட்சிசன் உள்ள பெரிய மூலக்கூறுகளோடு வேலை செய்கிறவர்களுக்கு இந்த வழி உதவாது.

கரைசல் ஊக்கிகளில் முதல் பெரிய பாதை ஷ்ரொக்குடையது. உயர் ஒட்சியேற்ற நிலையில் உள்ள மொலிப்டினம் அல்லது டங்ஸ்டன், பக்கத்தில் இமிடோ, புளோரின் ஏற்றிய அல்கொக்சைட்டு என்ற லிகண்டுகள். அல்கொக்சைட்டு இலத்திரனை இழுக்க இழுக்க உலோகம் பசி எடுத்து அற்கீனைப் பாய்ந்து பிடிக்கும். 1990-இல் வந்த அந்த மொலிப்டினச் சேர்வை வேகத்தில் இன்றைக்கும் சளைத்ததல்ல. ஆனால் பசி எடுத்த உலோகம் அற்கீனை மட்டும் பார்க்காது: நீரையும் பிடிக்கும், ஒட்சிசனையும் பிடிக்கும், அல்டிகைட்டையும் விடாது. நீங்கள் கேள்வியில் சொன்ன "செயல்திறன் கூடினால் நிலைப்பு குறையும்" என்ற வாக்கியத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. மாரி மாதத்தில் மட்டக்களப்புக் காற்றில் குளோவ் பொக்ஸ் (ஈரமும் காற்றும் புகாத பெட்டி) இல்லாமல் இதைத் தொட நினைக்க வேண்டாம். பிறகு இதையும் கையாளும்படி ஆக்கினார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஃபூர்ஸ்ட்னர் குழு 2011-இல் பெனாந்திரோலினை இணைத்து மொலிப்டினத்தைக் காற்றில் வைக்கக்கூடிய திண்மமாக்கியது, தேவைப்படும்போது நாகக் குளோரைட்டைச் சேர்த்துச் சூடாக்கினால் பெனாந்திரோலின் கழன்றுவிடும். பரபின் மெழுகில் பொதிந்து மாத்திரையாகவும் விற்கிறார்கள். ஆனால் கவனியுங்கள், இரண்டுமே போத்தல் நிலைப்பை மட்டும்தான் தீர்க்கின்றன. குடுவைக்குள் மெழுகு கரைந்ததும் பழைய பசி பழைய பசிதான்.

கிரப்ஸ் வேறு பக்கமாக வந்தார். 1980-களின் கடைசியில் சாதாரண ருதீனியம் குளோரைட்டு நீரிலேயே வளையம் திறக்கும் பல்பகுதியாக்கத்தைச் செய்வதை அவருடைய குழு கண்டது. மந்தமான ஊக்கிதான், ஆனால் நீருக்குப் பயப்படவில்லை. சரி, பயப்படாத உலோகத்தை எடுத்து வேகத்தைப் பிறகு ஏற்றுவோம் என்பது அவர்களுடைய கணக்கு, என் பார்வையில் இந்தத் துறையில் எடுத்த மிகச் சரியான முடிவு அதுதான். 1992-இல் முதல் ருதீனியம் காபீன் ஊக்கி, 1995-இல் இரண்டு முச்சைக்கிளோஹெக்சைல் பொஸ்பீன் லிகண்டுகள் கொண்ட பென்சிலிடீன் சேர்வை, அதாவது எல்லாரும் முதல் தலைமுறை என்று சொல்வது. 1999-இல் ஒரு பொஸ்பீனைக் கழற்றி அந்த இடத்தில் நைதரசன் பல்லின வளையக் காபீனை, சுருக்கமாக என்.எச்.சி-யை, மாட்டினார்கள், அது இரண்டாம் தலைமுறை.

இரண்டாம் தலைமுறை முதலாவதைவிட எவ்வளவோ செயல்திறன் மிக்கது, அதனால் என்.எச்.சி எதிரே உள்ள பொஸ்பீனைத் தள்ளிவிடுகிறது, அது சீக்கிரம் கழல்கிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 2001-இல் சான்ஃபோர்ட், லவ், கிரப்ஸ் மூவரும் அளந்து பார்த்தபோது நேர் எதிராக இருந்தது: இரண்டாம் தலைமுறையில் பொஸ்பீன் ஏறக்குறைய நூறு மடங்கு மெதுவாகக் கழல்கிறது. அப்படியானால் வேகம் எங்கிருந்து வருகிறது? பொஸ்பீன் கழன்ற பிறகு உலோகத்துக்கு இரண்டு வழி உண்டு, கழன்ற பொஸ்பீனைத் திரும்பப் பிடிக்கலாம், அல்லது அற்கீனைப் பிடிக்கலாம். முதல் தலைமுறை பொஸ்பீனையே திரும்பத் திரும்பப் பிடிக்கிறது. இரண்டாம் தலைமுறை அற்கீனை விரும்புவது அதைவிட ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு அதிகம். அதாவது மெதுவாகத்தான் விழிக்கும், விழித்தால் திரும்பத் தூங்கப் போவதற்கு முன் நிறைய வேலை செய்யும். விழிக்கும் வேகமும் ஓடும் வேகமும் ஒன்றல்ல என்பது இதிலிருந்து விளங்கும். ஒரு வரைபில் முதல் ஐந்து நிமிடம் தட்டையாக இருந்தால் ஊக்கி மோசம் என்று எழுதிவிடுகிறவர்கள் இந்த வேறுபாட்டைத்தான் தவறவிடுகிறார்கள்.

விழிக்கும் வேகத்தைத் தனியாகத் திருகலாம் என்று காட்டியது ஹொவைடா வகை. ஹொவைடா பொஸ்பீனையே எடுத்துவிட்டு, காபீனோடு ஒட்டிய வளையத்தில் ஓர் ஐசோபுரொப்பொக்சி கூட்டத்தை வைத்தார், அதன் ஒட்சிசன் ருதீனியத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். இந்தச் சேர்வையைக் காற்றில் நிறுக்கலாம், சிலிக்கா நிரலில்கூட ஓட்டி எடுக்கலாம். அந்த ஒட்சிசனுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு நைத்திரோ கூட்டத்தை வைத்து 2002-இல் கிரேலா ஒட்சிசனின் பிடியைத் தளர்த்தினார், ஊக்கி சீக்கிரம் விழித்தது. பக்கத்தில் பருமனான கூட்டத்தை வைத்துப் பிளெஷர்ட் அதே வேலையை இன்னொரு வழியில் செய்தார். ஒரு விசயம் இங்கே முக்கியம்: முதல் சுற்று முடிந்ததும் இந்த ஐசோபுரொப்பொக்சி துண்டு கழன்று போய்விடும், பிறகு குடுவைக்குள் ஓடுவது இவை எல்லாவற்றிலும் ஒரே சேர்வைதான். எனவே நைத்திரோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்.எச்.சி ஒன்றேயானால், ஓடும் ஊக்கியின் ஆயுளில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம். ஆயுளைக் கூட்ட வேண்டுமானால் கழலாமல் கடைசி வரை கூட இருக்கும் லிகண்டில்தான் கை வைக்க வேண்டும்.

எப்படிச் சாகிறது என்று பார்ப்போம், இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

முதல் தலைமுறை ஊக்கியைப் பென்சீனில் 55 பாகை செல்சியஸில் வைத்தால், போத்தலில் உள்ள பென்சிலிடீன் பாதியாகக் குறைய 8 நாள் ஆகும். அதே ஊக்கி ஒரு சுற்று ஓடி புரொப்பிலிடீன் (மூன்று காபன் காபீன்) ஆகிவிட்டால் 8 மணித்தியாலம். மெத்திலிடீன் ஆகிவிட்டால், அதாவது உலோகத்தின் கையில் வெறும் ஒரு காபனும் இரண்டு ஐதரசனும் மட்டும் இருந்தால், 40 நிமிடம். 8 நாள் எங்கே, 40 நிமிடம் எங்கே! இரண்டாம் தலைமுறையின் மெத்திலிடீன் அதே வெப்பநிலையில் 5 மணி 40 நிமிடம் தாங்குகிறது, முன்னேற்றம்தான், ஆனால் பலவீனம் அதே இடத்தில்தான் இருக்கிறது. அந்தக் காபனை மறைக்க எதுவும் இல்லை, கழன்று திரியும் பொஸ்பீன் வந்து அதைத் தாக்கி பொஸ்போனியம் உப்பாக எடுத்துப் போய்விடும். எனவே நுனியில் இரட்டைப் பிணைப்புள்ள அற்கீன்களும் எதீனும் இந்த ஊக்கிகளுக்கு மிகக் கடினமான சோதனை, ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் மெத்திலிடீன் பிறக்கிறது.

பொஸ்பீனே இல்லாத ஹொவைடா வகையில் இந்தச் சாவு இல்லை, வேறு சாவுகள் உண்டு. நான் சொன்ன நான்கு உறுப்பு வளையம் பிளவதற்குப் பதிலாக, ஒரு ஐதரசன் உலோகத்துக்குத் தாவினால் காபன் மூன்றும் புரொப்பீனாக வெளியேறிவிடும், உலோகத்தின் கையில் காபீன் இல்லை, கதை முடிந்தது. இன்னொன்று, இரண்டு ருதீனியங்கள் நேருக்கு நேர் சந்தித்துத் தங்கள் காபீன்களைச் சேர்த்து எதீனாக விட்டுவிட்டு இரண்டும் ஒன்றாகச் சாவது. டெரின் ஃபொக்கின் குழு அமீன்கள், நீர், காரங்கள் போன்றவை எந்த வழியில் ஊக்கியைக் கொல்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியிருக்கிறது. ஊக்கி வடிவமைப்பில் இறங்குகிறவர்கள் புதிய ஊக்கிகளின் பட்டியலைப் படிப்பதற்கு முன் இந்த மரண விசாரணைகளைப் படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். செத்த ஊக்கி சும்மாவும் கிடக்காது. சில சிதைவுப் பொருட்கள் ஐதரைட்டு வகைகள் (ஐதரசன் ஒட்டிய ருதீனியம்), அவை இரட்டைப் பிணைப்பைச் சங்கிலியில் அங்கும் இங்கும் நகர்த்திவிடும், அப்புறம் விளைபொருள் ஒன்றுக்குப் பதில் ஒரு கூட்டமே வரும். கொஞ்சம் பென்சோகுயினோன் சேர்த்தால் இது நன்றாக அடங்கும் என்று கிரப்ஸ் குழு 2005-இல் காட்டியது, மலிவான வழி, செய்து பாருங்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். என்.எச்.சி-யில் இரண்டு நைதரசன் உண்டு. அதில் ஒன்றை எடுத்து நான்கு பிணைப்புள்ள காபனை வைத்தால் சைக்கிளிக் அல்கைல் அமினோ காபீன், சி.ஏ.ஏ.சி என்பார்கள், 2005-இல் பெர்ட்ராண்ட் குழு செய்தது. 2015-இல் பெர்ட்ராண்டும் கிரப்ஸும் சேர்ந்து இந்த லிகண்டைப் போட்ட ருதீனியத்தை மெதைல் ஒலியேற்றோடும் எதீனோடும் ஓட்டினார்கள். ஊக்கி 1 பிபிஎம், அதாவது பத்து இலட்சம் எண்ணெய் மூலக்கூறுக்கு ஒரு ருதீனியம். ஒவ்வொரு ருதீனியமும் 340,000 சுற்று வரை ஓடியது. கவனியுங்கள், இது எதீன், மெத்திலிடீன் பிறக்கும் மிக மோசமான நிலை. எப்படித் தாங்கியது என்று பிறகு ஃபொக் குழு 2019-இல் தோண்டியபோது வந்த விடைதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்தது: இந்த ஊக்கி ஐதரசன் தாவி வளையம் உடையும் சாவை மிக நன்றாகத் தடுக்கிறது, ஆனால் இரண்டு ருதீனியம் சந்தித்துச் சாகும் சாவில் மற்றவற்றைவிட மோசம். பத்து இலட்சத்தில் ஒன்று என்று போட்டால் ஒரு ருதீனியம் இன்னொன்றைச் சந்திக்க வாய்ப்பே குறைவு, எனவே அந்தப் பலவீனம் வெளியே தெரியவில்லை. அதே ஊக்கியை நூறுக்கு ஐந்து என்று அள்ளிக் கொட்டினால் இந்தப் புகழ் கிடைத்திருக்காது. ஒரு ஊக்கி நிலையானதா என்ற கேள்விக்கு எந்தச் செறிவில், எந்த அற்கீனோடு என்று சொல்லாமல் விடையே இல்லை.

தாக்குபொருளை மாற்றியும் இதே வெற்றியை எடுக்கலாம். பெரிங்கர் இங்கல்ஹைம் கம்பனிக்கு ஈரல் அழற்சி சி வைரஸுக்கு எதிரான ஒரு சோதனை மருந்தில் 15 உறுப்பு வளையம் மூட வேண்டியிருந்தது, முதலில் மிக நீர்த்த கரைசலில் நிறைய ஊக்கி போட்டுத்தான் முடிந்தது. ஒரு நைதரசன் மேல் பொக் என்ற பாதுகாப்புக் கூட்டத்தை வைத்ததும் மூலக்கூறு வளையமாகத் தானே மடங்கியது, 100 மூலுக்கு 0.1 மூல் ஊக்கி போதும் என்றாகியது. ஊக்கி முன்னேறவில்லை, வேலை இலேசானது.

சரி, கஜு. வாகரைப் பக்கத்துக் கஜு ஓட்டில் உள்ள எண்ணெய் கையைப் பொத்த வைக்கும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், எனவே கையுறை இல்லாமல் தொட வேண்டாம். அந்த எண்ணெயைச் சூடாக்கினால் அனகாடிக் அமிலம் காபனீரொட்சைட்டை இழந்து காடனோல் ஆகும்: ஒரு பீனோல், அதில் 15 காபன் சங்கிலி. சங்கிலியில் ஒரு இரட்டைப் பிணைப்பு, இரண்டு, மூன்று என்று கலவையாக இருக்கும், ஆனால் முதலாவது எப்போதும் 8-ஆம் காபனில்தான். இதுதான் உங்களுக்கு அதிர்ஷ்டம். எதீனோடு வெட்டினால் மூன்று வகையிலிருந்தும் அதே 9 காபன் சங்கிலிப் பீனோல்தான் வரும். ஒற்றை இரட்டைப் பிணைப்பு உள்ளதிலிருந்து கூடவே 1-ஒக்டீன் வரும், மற்றவற்றிலிருந்து 1,4-பென்டாடையீன். கலவையைப் பிரிக்காமலே ஒரே பொருளுக்குப் போய்விடலாம். இந்தப் பாதை புதிதல்ல, தன்சானியாக்காரரும் ஸ்கொட்லாந்தின் கோல்-ஹமில்டனும் காடனோலிலிருந்து செட்சி ஈயை (ஆபிரிக்காவில் தூக்க நோய் பரப்பும் ஈ) கவரும் பீனோல்களைச் செய்திருக்கிறார்கள், அவற்றை முதலில் படியுங்கள்.

தொடங்குவதற்கு ஹொவைடா இரண்டாம் தலைமுறை, அதாவது என்.எச்.சி உள்ள ஹொவைடா வகை. பீனோலின் ஐதரொட்சைல் ருதீனியத்துக்குப் பெரிய தடை இல்லை, நம்முடைய ஈரக் காற்றில் நிறுத்து எடுக்கலாம், திண்மமாகக் குளிரில் வைத்தால் கிடக்கும். கரைசலாக்கி வைத்துக்கொள்ள வேண்டாம், அன்றன்றைக்குக் கரைத்து அன்றே பாவியுங்கள். சி.ஏ.ஏ.சி வகைக்குப் பிறகு போகலாம், எண்ணெய் சுத்தமாகும் வரை அதன் அருமை தெரியாது. ஏனென்றால் பழைய எண்ணெயில் உள்ள பெரொட்சைட்டு ஊக்கியைப் பிபிஎம் அளவில் விழுங்கிவிடும், 10 பிபிஎம் ஊக்கிக்கு எதிரே 100 பிபிஎம் பெரொட்சைட்டு இருந்தால் எந்த நோபல் ஊக்கியும் நிற்காது. வடித்து எடுத்த காடனோலைச் செயற்படுத்திய அலுமினா வழியாக விட்டு, ஆகன் அல்லது நைதரசன் குமிழவிட்டு, அன்றே ஓட்டுங்கள். எதீன் சிலிண்டர் கிடைப்பது கஷ்டம் என்றால் திரவமாக உள்ள 3-ஹெக்சீனை வைத்துத் தொடங்கலாம். அதில் மெத்திலிடீன் பிறப்பதும் குறைவு, ஊக்கி நீண்ட நேரம் ஓடும். மூன்று இரட்டைப் பிணைப்புள்ள காடனோலின் ஒரு நுனி மட்டும் 14-ஆம் காபனில் திறந்திருப்பதால் கொஞ்சம் வரத்தான் செய்யும்.

அளக்கும் விதம்: நூறுக்கு ஐந்து ஊக்கி போட்டு ஒரு மணித்தியாலத்தில் முழுதாக மாறியது என்று எழுதினால் அது ஊக்கியைப் பற்றி எதையும் சொல்லாது. தாக்கம் பாதியில் நிற்கும் அளவுக்கு ஊக்கியைக் குறையுங்கள், நேரத்துக்கு நேரம் மாதிரி எடுத்து வரைபு போடுங்கள். நின்றதும் குடுவையை இரண்டாகப் பிரித்து ஒன்றில் புதிய ஊக்கி கொஞ்சம், மற்றதில் புதிய காடனோல் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள். ஊக்கி சேர்த்ததில் தாக்கம் திரும்ப ஓடி, காடனோல் சேர்த்ததில் ஓடவில்லை என்றால் பழைய ஊக்கி செத்துவிட்டது. காடனோல் சேர்த்ததிலும் ஓடினால் ஊக்கி உயிரோடுதான் இருக்கிறது, நீங்கள் பார்த்தது சமநிலை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நிலைப்பைப் பற்றி எழுதிய கட்டுரைகள் ஏராளம்.

கடைசியாக, ஒவ்வொரு மாதிரியையும் எடுத்த உடனே எதைல் வைனைல் ஈதர் மிகையாக விட்டு ஊக்கியை அணைத்துவிடுங்கள். என்.எம்.ஆர் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் நிறமாலை) எடுக்கப் பேராதனைக்கோ கொழும்புக்கோ அனுப்புகிற நிலை என்றால் இது இன்னும் அவசியம், இல்லாவிட்டால் பஸ் மகியங்கனையைத் தாண்டும்போதும் குப்பிக்குள் தாக்கம் ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் 10-ஆவது நிமிடம் என்று எழுதிய புள்ளி உண்மையில் அடுத்த நாளுடையதாக இருக்கும்.